கேட்காமலே சிரிக்கும் ஏஐ முகங்கள்

1885 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் எடுத்த படம் அது. இந்தியாவின் ஆனந்திபாய் ஜோஷி புடவையில், ஜப்பானின் கெய் ஒகாமி கிமோனோவில், சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி தம் நாட்டு உடையில் இருக்கிறார்கள். மூவர் முகத்திலும் சிரிப்பில்லை. படமெடுக்க நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டிய கட்டாயம் அப்போதே குறைந்துவிட்டது. இருந்தும் கேமரா முன் கம்பீரமாக இருப்பதுதான் அன்றைய வழக்கம்.

இப்படிப்பட்ட காட்சியை ஏஐ பட உருவாக்கிகளிடம் கேட்டால் உடையும் நகையும் ஓரளவு பொருந்தி வரும். முகம் மட்டும் இக்கால விளம்பரத்தில் வருவதுபோல் மலர்ந்திருக்கக்கூடும். 2023இல் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் உருவான 'பழங்கால செல்ஃபி'கள் இணையத்தில் பரவின. ஜப்பானிய சாமுராய்களும் அமெரிக்கப் பூர்வகுடியினரும் பல் தெரிய ஒரே மாதிரி சிரித்தார்கள். அது அமெரிக்கச் சிரிப்பு என்று எழுத்தாளர் ஜென்கா குர்ஃபிங்கல் சுட்டிக்காட்டினார்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட உருவாக்கியின் தொடக்கப் பதிப்புகள் பயின்ற படங்கள் லயான்-5பி என்ற தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. அதில் சுமார் 585 கோடி படங்களின் இணைப்புகள், அவற்றுக்கான விவரிப்புகளுடன் இருந்தன. சுமார் 230 கோடிக்கு விவரிப்பு ஆங்கிலத்தில். இணையத்தில் ஏறுபவற்றில் விளம்பரப் படங்களும், நன்றாக வந்திருக்கிறது என்று நாமே தேர்ந்தெடுத்த படங்களும் ஏராளம். அவற்றில் பல படங்களின் கீழே 'சிரிக்கும் மருத்துவர்' என்றில்லாமல் 'மருத்துவர்' என்று மட்டுமே இருக்கக்கூடும். அதனால் சிரிப்பும் அந்தத் தொழிலின் அடையாளம்போலப் பதிந்துவிடலாம்.

எல்லோருக்கும் ஒரே சிரிப்பா?

இல்லை. டால்-ஈ 2 என்ற பட உருவாக்கி தந்த 153 தொழில்களின் 15,300 படங்களை ஓர் ஆய்வு அலசியது. ஆண்களைவிடப் பெண்களே அதிகம் சிரித்தார்கள், தலையையும் தாழ்த்தியிருந்தார்கள். பெண்கள் மிகுந்த தொழில்களில் இது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. மூன்று கருவிகளை ஒப்பிட்ட 2024ஆம் ஆண்டு ஆய்வொன்றில் ஆண்கள் வயது கூடியவர்களாக, உணர்ச்சி காட்டாத அல்லது கோபமான முகத்துடன் வந்தார்கள். ஆனந்திபாய் போலச் சிரிக்காமல் கம்பீரமாக இருக்கும் பெண் மருத்துவரை இந்தக் கருவிகள் தாமாக வரைவது குறைவாகவே இருக்கலாம் என்று இதிலிருந்து தோன்றுகிறது.

பழைய படங்களுக்கு என்ன ஆபத்து?

2021இல் மைஹெரிடேஜ் நிறுவனம் 'டீப் நாஸ்டால்ஜியா' வசதியைக் கொண்டுவந்தது. பழைய படத்திலிருப்பவர் தலையசைப்பார், கண் சிமிட்டுவார், புன்னகைப்பார். பகத்சிங்கின் படமும் அப்படி அசைந்து இந்தியாவில் பரவியது. அந்த அசைவுகள் முன்கூட்டியே பதிவு செய்த வேறொருவருடையவை. பார்ப்பவர் மனத்தில் தங்குவது என்னவோ பகத்சிங் சிரித்தார் என்பதுதான்.

என்ன செய்யலாம்?

ஏஐக்குக் கட்டளை எழுதும்போதே முகபாவத்தைத் தெளிவாகச் சொல்லலாம். பாடநூலிலும் கண்காட்சியிலும் அசல் படம் இருக்கும்போது அதையே வைக்கலாம். ஏஐ படம் என்றால் அப்படிக் குறிப்பிட வேண்டும். புடவைக் கட்டு சரியா என்று பார்க்கிறவர்கள், அந்தச் சிரிப்பு யாருடையது என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.