பழைய பிலிம் தாங்கிக்கு உதிரிப்பாகம்

எல்கடுவையில் இருந்துகொண்டு ஒருவர் ஷீட் பிலிம் கழுவ நினைத்தால், வேண்டியதில் பாதியை மலையே கொடுத்துவிடும். இரவானால் லயத்துக் காம்பராவின் கதவிடுக்கை அடைத்தால் போதும், இருட்டறை தயார். நக்கிள்ஸ் மலைப்பக்கத்துத் தண்ணீர் குளிர்ந்தே வருகிறது. டெவலப்பர் உறையில் 20 பாகை செல்சியஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். கொழும்பில் அதற்கு ஐஸ்கட்டி தேட வேண்டும், இங்கே மார்கழி தையில் கொஞ்சம் சுடுதண்ணீர் கலக்க வேண்டிவரும். மருந்துத் தூளையும் பிலிமையும் வெளியூரிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். பிலிமை மருந்தில் கழுவும் தாங்கி என்று வரும்போதுதான் இடறும். புதியதன் விலை கையைக் கடிக்கும். பழையது அகப்பட்டால் அதில் ஏதாவதொரு துண்டு குறைந்திருக்கும். அந்தத் துண்டைச் செய்த கொம்பனியோ எப்போதோ மூடப்பட்டிருக்கும்.

ஷீட் பிலிம் சுருளாக வராது. 4×5 அங்குலம், 8×10 அங்குலம் என்று தனித்தனித் தாளாக வரும். பெரிய கமராவில் ஒரு தாளுக்கு ஒரு படம். இதற்கு முந்தியது கண்ணாடித் தட்டு. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் திக்கோயாவில் இறந்த ஜூலியா மார்கரெட் கமரூன் இங்குள்ள உழைப்பாளிகளைப் படம் பிடித்தது ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடியில். பூச்சு காய்வதற்குள் படத்தை எடுத்து, அங்கேயே மருந்தை ஊற்றிக் கழுவியாக வேண்டும். தாங்கிக்கு அப்போது வேலையே இல்லை. உலர்தட்டு வந்த பிறகுதான் ஒரு நாள் முழுக்க எடுத்ததைச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கழுவலாம் என்றாயிற்று. 1913இல் ஈஸ்ட்மன் கோடாக் போர்ட்ரெய்ட் பிலிமை விற்கத் தொடங்க, ஸ்டூடியோக்கள் கண்ணாடியை மெல்ல மெல்லக் கைவிட்டன. பெரிய அளவை மட்டும் விடவில்லை. அத்தனை பெரிய நெகட்டிவில்தான் கூர்ப் பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணடிக் கருமையையும் தடவி மறைக்க முடியும், 35 மி.மீ. சுருளில் அந்த வேலை நடக்காது. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய ஸ்டூடியோப் படங்களில் எல்லோர் முகமும் மாசுமறுவில்லாமல் இருப்பதற்கு அந்தப் பென்சிலுக்கும் பங்குண்டு.

சரி, தாங்கிக்குள் என்ன நடக்கிறது? ஒளிபட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் கறுத்த வெள்ளியாக்குகிறது. அது பிலிமின் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் ஒட்டிய இடத்தில் மருந்து சேராது, அங்கே வெற்றுத் திட்டு விழும். மருந்து மெதுவாக நிரம்பினால் அடிப்பாதி முந்திக்கொள்ளும், வானத்தில் பட்டை தெரியும். குலுக்கும்போது தாள் காடியைவிட்டு நழுவிப் பக்கத்துத் தாளில் கீறிவிடக்கூடும். இவ்வளவையும் கவனித்துக்கொண்டு வெளிச்சத்தையும் உள்ளே விடக் கூடாது. மருந்தை மட்டும் விட வேண்டும். இதற்குச் செய்த வழி எளிமையானது: மருந்து போகும் பாதையை இரண்டு மூன்று தரம் மடக்கி, உட்புறத்தைக் கறுப்பாக்கிவிட்டார்கள். தண்ணீர் மூலை திரும்பும். ஒளி நேரே போய்க் கறுப்புச் சுவரில் முட்டி அங்கேயே அடங்கிவிடும்.

தொலையும் உறுப்பு எது என்பதும் இதிலிருந்தே தெரியும். தாங்கியின் உடல் தொலையாது. மூடியும் பெரும்பாலும் தப்பிவிடும். கழற்றி அலசிக் காயவைக்கும் சின்னத் துண்டுதான் போய்விடும். அமெரிக்காவில் மசாசூசெட்ஸில் செய்த நிக்கோர் எஃகுத் தாங்கி இதற்கு நல்ல உதாரணம். ஒரு ரீலில் 4×5 தாள் பன்னிரண்டு ஏறும். ரீலின் அகலத்தைக் கூட்டிக் குறைத்தால் சிறிய தாள்களுக்கும் ஆகும். தாள்கள் வளைந்து நிற்பதால் எந்நேரமும் நிமிரப் பார்க்கும். அவற்றை வெளியே பாயவிடாமல் ரீலைச் சுற்றிப் பிடிப்பது மெல்லிய எஃகுப் பட்டி ஒன்று. விற்பனைக்கு வரும் நிக்கோர்களில் அந்தப் பட்டியைக் காண்பது அரிது. விற்கிறவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. பட்டி இருந்ததே அவருக்குத் தெரியாது. நல்லவேளையாக, பட்டியின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும்தான். பழைய சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி, சோடாவில் கழுவி, தாளின் ஓரத்தில் மட்டும் படும்படி மாட்டினால் காரியம் நடக்கும். நடுவில் படக் கூடாது, பட்ட இடத்தில் மருந்து தடைப்படும்.

கொம்பி-பிளான் என்ற பெட்டித் தாங்கியில் ஆறு தாள் நிமிர்ந்து நிற்கும். அதில் காணாமல் போவது தாள்களை மேலிருந்து அமுக்கும் பிளாஸ்டிக் பிடி. அது இல்லையென்றால் தாங்கியைக் கவிழ்க்கும்போது தாள்கள் மேலே கிளம்பிவிடும். யோபோ 2500 வரிசையிலும் பற்றர்சன் தாங்கியிலும் நடுவில் ஒரு கறுப்புக் குழாய் நிற்கும். ரீலைக் கோத்து வைக்கத்தான் அது என்று நினைத்து, "ரீல் நிற்கிறதே, குழாய் எதற்கு" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒளியை மடக்கும் பாதையின் பாதி அந்தக் குழாய்தான். அது இல்லாத தாங்கி, மூடியிருந்தாலும் திறந்த தாங்கியே. மூடியின் புனல் வழியாக வெளிச்சம் நேரே பிலிமில் விழும். யோபோ ஜேர்மனியில் 1923இல் தொடங்கி இன்னும் நடக்கிற கொம்பனி, உறுப்புகளைத் தனியாகவும் வாங்கலாம். அதனால் குறைகளோடு ஒரு தாங்கியை வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் யோபோவை வாங்கச் சொல்வேன். யாங்கி, எஃப்.ஆர். பெயர்களில் வரும் பிளாஸ்டிக் தாங்கிகள் மலிவு. எல்லா உறுப்பும் இருந்தாலும் அவை ஒழுகும், மெதுவாக நிரம்பும். அவற்றுக்கு உதிரிப்பாகம் தேடுவது வீண் அலைச்சல் என்பது என் எண்ணம்.

பழைய தாங்கிகள் சில பேக்லைட்டால் ஆனவை. அதைக் கண்டுபிடித்த லியோ பேக்லண்ட் அதற்கு முன் செய்து விற்றது வெலொக்ஸ் என்ற போட்டோக் கடதாசி. 1899இல் அந்தத் தொழிலை ஈஸ்ட்மனுக்கு விற்ற பணத்தில் ஆய்வுகூடம் வைத்தார். 1907இல் பேக்லைட் பிறந்தது.

மூடித் தாங்கியை விட்டு ஆழத்தாங்கிக்கு வந்தால் உறுப்புச் சிக்கல் பாதியாகக் குறையும். உயரமான தொட்டியில் மருந்து நிற்கும். ஒவ்வொரு தாளையும் எஃகுச் சட்டமான ஹேங்கரில் மாட்டி, கொடியில் துணி போடுவதுபோல் வரிசையாக இறக்கிவிடுவார்கள். முழு இருட்டில் செய்ய வேண்டும் என்பதால் ஒளியை மடக்கும் மூடியே தேவையில்லை. கோடாக் இதற்கான தொட்டிகளை எபொனைட்டில் செய்தது. எபொனைட் வேறொன்றுமில்லை, நிறையக் கந்தகம் சேர்த்துச் சுட்ட ரப்பர். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்ட நாளிலிருந்து இந்தத் தீவுக்குப் பழக்கமான மரத்தின் பால்தான். அமிலத்துக்கும் காரத்துக்கும் அசையாது. வெயிலுக்கு மட்டும் ஆகாது. வெளியில் கிடந்தால் கறுப்பு மாறித் தவிட்டு நிறமாகும், நாளடைவில் நொறுங்கும். வாங்கும்போது விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பொடி ஒட்டினால் வேண்டாம்.

ஹேங்கர் எங்கே கிடைக்கும்? போட்டோக் கடைகளில் தேடுவதை விட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டும். எக்ஸ்ரேயும் ஷீட் பிலிம்தான். கணினிக்கு மாறும்வரை எக்ஸ்ரே இருட்டறைகளில் இதே ஆழத்தாங்கியும் இதே ஹேங்கரும் இருந்தன, 8×10, 10×12 அங்குல அளவுகளில். பாவனைக்கு உதவாதவை என்று கழித்த சாமான்கள் ஏலத்துக்கு வரும்போதும், பழைய இரும்பு எடுக்கிறவரின் குவியலிலும் கண் வைத்தால் அகப்படும். 8×10 கமரா வைத்திருப்பவருக்கு அவை அப்படியே பொருந்தும். 4×5 தாளுக்குப் பல் எக்ஸ்ரே ஹேங்கரின் கிளிப்பில் மூலையைப் பிடித்துத் தொங்கவிடலாம். எக்ஸ்ரே பிலிமையே கமராவில் போட்டுப் படம் எடுப்பவர்களும் உலகமெங்கும் உண்டு, விலை குறைவு என்பதால். அதன் இரண்டு பக்கமும் எமல்ஷன் என்ற வெள்ளி உப்புப் பூச்சு இருப்பதால் தட்டில் போட்டுக் கழுவினால் அடிப்பக்கம் கீறும். தொங்கவிட்டுக் கழுவுவதே அதற்குப் பாதுகாப்பு. ஹேங்கரை மேலும் கீழும் அடித்துக் குலுக்கக் கூடாது. சட்டத்துத் துளைகள் வழியே மருந்து பீறிட்டு ஓரங்களில் கறுப்புக் கீற்று விழும். தூக்கி, ஒரு பக்கம் சாய்த்து வடியவிட்டு, மெல்ல இறக்க வேண்டும்.

இல்லாத துண்டைச் செய்துகொள்ளவும் முடியும். எந்தத் தேயிலை ஸ்டோரைச் சுற்றியும் கையில் தொழில் உள்ள ஃபிட்டர் ஒருவர் இருப்பார். பட்டியோ பிடியோ அவருக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் கையில் இருப்பது பித்தளை என்றால் பித்தளையில் செய்வார், விரிசலுக்கு ஈயப்பற்று வைப்பார். இரண்டையும் முதலிலேயே தடுத்துவிடுங்கள். செம்பும் பற்றிலுள்ள வெள்ளீயமும் டெவலப்பரில் கரைந்தால், துளியளவே ஆனாலும், ஒளிபடாத இடமும் மங்கலாகக் கறுக்கும். அலுமினியத்தை டெவலப்பரின் காரம் அரிக்கும், கல்வனைஸ் தகடும் உதவாது. துருப்பிடிக்காத எஃகு, அல்லது பிளாஸ்டிக். விரிசலுக்கு எபொக்சி. மூடியின் ரப்பர் வளையம் இறுகிப் போயிருந்தால் அளவெடுத்துக்கொண்டு கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகலாம். வாகனத்துக்கென விற்கும் வளையங்களில் பொருந்துவது ஒன்று இருக்கும்.

தாங்கியே வேண்டாம் என்பவருக்கும் வழி இருக்கிறது. அமெரிக்கர் ஃபில் டேவிஸின் முறையில் ஒரு தாளுக்கு ஒரு குழாய். ஒன்றரை அங்குல உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாயின் உட்சுற்று ஏறத்தாழ 4.7 அங்குலம், 4 அங்குல அகலத் தாள் தன்மேல் ஏறாமல் வளைந்து படுத்துக்கொள்ளும். எமல்ஷன் உட்பக்கம் பார்க்க வேண்டும். தாளின் ஒரு மூலை ஓரத்தில் வெட்டுத்தடங்கள் இருக்கும். தாளை உயரவாக்கில் பிடிக்கும்போது அது மேல் வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் எமல்ஷன் உங்களைப் பார்க்கிறது என்று பொருள். இரு முனைக்கும் மூடி போட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு உருட்ட வேண்டியதுதான். சுவரோடு ஒட்டிய பின்பக்கத்துச் சாயம் முழுதாகப் போகாது. கடைசியில் வெளியே எடுத்துத் தட்டில் ஒரு முறை அலசினால் போய்விடும். வன்பொருள் கடையில் எல்லாம் கிடைக்கும், கறுப்புப் பெயின்ட் உட்பட.

செய்ததோ வாங்கியதோ, பிலிமைப் போடுமுன் இரண்டு சோதனை. தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து ஒழுகுகிறதா என்று பார்ப்பது ஒன்று. மற்றது: காய்ந்த தாங்கிக்குள் போட்டோக் கடதாசித் துண்டு ஒன்றை இருட்டில் வைத்து மூடி, அரைமணி நேரம் வெயிலில் திருப்பித் திருப்பி வையுங்கள். பிறகு அதை டெவலப் செய்யுங்கள். வெள்ளையாக வந்தால் தாங்கி சரி. சாம்பல் கோடு விழுந்திருந்தால் அது எந்த ஓரத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அடைக்க வேண்டிய இடம் அதற்கு நேரே இருக்கும்.