அவளுக்குத் தெரியும், கேட்க முடியாது

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ஊர்களில் 2014-15இல் வீடு வீடாகச் சென்று ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். 25 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 22.3 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அதே வயது ஆண்களிடம் 7.6 சதவீதம்தான். கூடப் படித்த பையன்களிடம் அவ்வளவாக இல்லாத வைரஸ், இந்தப் பெண்களுக்கு எங்கிருந்து வந்தது?

விடை வைரஸுக்குள்ளேயே இருந்தது. எச்.ஐ.வி. பெருகும்போதெல்லாம் அதன் மரபணு வரிசையில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அண்மையில் தொற்றிய வைரஸ் என்றால், இருவரிடமும் அந்தப் பிழைகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். துலியோ டி ஒலிவேராவும் சக ஆய்வாளர்களும் 1,589 பேரின் வைரஸ் மரபணுக்களை ஒப்பிட்டு, எது எதற்கு நெருங்கிய சொந்தம் என்று பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். இளம்பெண்களின் வைரஸோடு பொருந்திப்போன ஆண்கள், அவர்களைவிடச் சராசரியாக 8.7 வயது மூத்தவர்கள். அந்த ஆண்களில் பத்துக்கு நால்வரின் வைரஸ், 25 முதல் 40 வயதுவரை உள்ள பெண்களின் வைரஸோடும் பொருந்தியது. மூத்த பெண்களோடும் உறவு வைத்து, பள்ளி முடிக்கும் வயதுப் பெண்களோடும் உறவு வைக்கும் ஆண்கள் வழியாகவே தொற்று தலைமுறை மாறுகிறது என்பது ஆய்வாளர்கள் கண்ட சித்திரம்.

உடற்கூறும் இதில் சேர்கிறது. இளவயதில் கருப்பை வாயின் மெல்லிய செல்படலம் வெளிப்புறமாக அதிகம் படர்ந்திருப்பதால் வைரஸ் எளிதில் நுழையும். கட்டாய உறவில் ஏற்படும் காயம் அதை இன்னும் எளிதாக்கும். ஆனால் 8.7 வயது இடைவெளியை எந்தச் செல்லாலும் விளக்க முடியாது.

அதற்கு ஆண்மை பற்றிய ஊர் வழக்கைப் பார்க்க வேண்டும். அதே மாகாணத்தின் மண்டேனி பகுதியில் தங்கி ஆராய்ந்தவர் புவியியலாளர் மார்க் ஹன்டர். சுலு வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு மாடுகளையோ பணத்தையோ கொடுத்து மணமுடிக்க வேண்டும். ஆலை வேலைகள் குறைந்து கையில் காசில்லாமல் போனதும் கல்யாணங்களும் குறைந்தன. குடும்பத் தலைவனாகி ஆண் என்று பெயரெடுக்கும் வழி அடைபட்டவர்களில் பலர், காதலிகளின் எண்ணிக்கையில் அந்தப் பெயரைத் தேடினார்கள். வருமானம் உள்ள சிலரையோ, வீட்டில் வறுமை பார்த்த பெண்கள் சார்ந்திருக்க நேர்ந்தது.

இந்தப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2000ஆம் ஆண்டு டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் ஆய்வாளர் கீதா ராவ் குப்தா இதன் மறுபக்கத்தைக் காட்டினார். நல்ல பெண் என்றால் இதெல்லாம் தெரியாதவளாக இருக்க வேண்டும். அதனால் அவள் கேட்க அஞ்சுகிறாள். ஆண் என்றால் எல்லாம் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அதனால் அவனும் யாரிடமும் கேட்பதில்லை. அறியாமை இருவருக்கும் கௌரவமாகிவிடுகிறது.

தெரிந்துகொண்டவளுக்கும் வழி திறப்பதில்லை. ஆணுறை வேண்டும் என்று அவள் சொன்னால், “என்னைச் சந்தேகப்படுகிறாயா?” என்பான். இல்லையென்றால், “நீ எங்கே போய் வந்தாய்?” என்பான். இரண்டுக்குப் பிறகும் அடி விழலாம். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் தொற்று இல்லாத 1,099 இளம்பெண்களை ரேச்சல் ஜூக்ஸ் குழு தொடர்ந்து கவனித்து 2010இல் முடிவுகளை வெளியிட்டது. துணைவனிடம் ஒருமுறைக்கு மேல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும், உறவில் தன் பேச்சு எடுபடாதவர்களுக்கும் தொற்று விகிதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

எச்.ஐ.வி. வராமல் காக்கும் தடுப்பு மாத்திரையும் அந்த வீட்டுக்குள்தான் போயாக வேண்டும். மாத்திரை டப்பாவின் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். பார்த்தவன், அவளுக்கே எச்.ஐ.வி. என்று முடிவுகட்டுவான். ஆப்பிரிக்காவில் 5,029 பெண்களிடம் நடந்த வாய்ஸ் என்ற பரிசோதனையில், மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்துவதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, மருந்து தரப்பட்ட எந்தப் பிரிவிலும் 30 சதவீதத்துக்கு மேற்பட்ட மாதிரிகளில் அது தென்படவில்லை. இதைப் பெண்களின் அலட்சியம் என்று எழுதுவது அநியாயம்.

2024இல் பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம்பெண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. துணைவனுக்குத் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம் என்பதும் இதன் பலம். இந்த ஊசி ஏழை நாடுகளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் கிடைத்தாக வேண்டும். ஆனாலும் உயிர்காக்கும் மருந்தை ஒளித்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அந்த நிலைக்கு ஊசியில் மருந்தில்லை.

ஆண்களிடம் பேசிப் பயனில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். ஈஸ்டர்ன் கேப்பின் 70 கிராமங்களில், பாலுறவு, துணையுடனான உறவு பற்றிய ‘ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்’ என்ற சுமார் 50 மணி நேரப் பயிற்சியை இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் தந்து சோதித்தார்கள். எச்.ஐ.வி. தொற்று குறைந்ததாக நிரூபணமாகவில்லை. இதை மறைக்கக் கூடாது. ஆனால் பிறப்புறுப்பு ஹெர்ப்பீஸ் தொற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. துணைவியை அடிப்பதும் இரண்டாண்டு கழித்துக் குறைந்திருந்ததாக ஆண்களே தெரிவித்தார்கள்.

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. 1997இல் வெளியான புனே ஆய்வில், பால்வினை நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த, பாலியல் தொழிலில் இல்லாத பெண்களில் 13.6 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்களில் பலருக்கும் கணவரைத் தவிர வேறு ஆணைத் தெரியாது.

கர்ப்பிணிக்கு முதல் பரிசோதனையிலேயே எச்.ஐ.வி. பார்த்துவிடுகிறோம். “அவளுக்கு இல்லையென்றால் எனக்கும் இருக்காது” என்று கணவர் வெளியே நின்றுவிடுகிறார். மருத்துவப்படி இது தவறு: ஒருவருக்கு இருந்து மற்றவருக்குத் தொற்றாமல் இருப்பது சாதாரணம். நோய் இருப்பது தெரிந்து சிகிச்சை எடுத்து, வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவில் அவரிடமிருந்து தொற்றாது. அந்த வகையில் ஓர் ஆண் செய்துகொள்ளும் பரிசோதனை ஒரு பெண்ணுக்கான தடுப்பு மருந்து. தமிழக அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம். முடிவை வெளியே சொல்லமாட்டார்கள். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது. மனைவியைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் நாளில், நீங்களும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருங்கள்.