அம்மையா, அக்கியா? முதல் மூன்று நாளைத் தவறவிடாதீர்கள்

2022 மே மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் சிவந்த கொப்புளங்களும் வந்தன. ‘தக்காளிக் காய்ச்சல்’ என்ற பெயரில் செய்தி பரவியது. ஜூலை 26 வரை அங்குள்ள அரசு மருத்துவமனைகளில் பதிவான பிள்ளைகள் 82-க்கும் மேல். பாதிப்பு கண்ட ஊர்களில் ஆரியங்காவும் ஒன்று. செங்கோட்டையில் கிளம்பி, புளியரை தாண்டி மலையேறினால் வருகிற ஊர் அது. அந்த வழியில் தினமும் போய்வரும் தென்காசிக்காரர்களுக்கு அது அண்டை வீட்டுச் செய்தி.

கேரளத்துக்கு விடுமுறைக்கு வந்து பிரிட்டன் திரும்பிய இரண்டு குழந்தைகளுக்கும் அதே போன்ற கொப்புளங்கள் வந்தன. பரிசோதித்தபோது தெரிந்தது, காக்சாக்கி ஏ16 என்ற வைரஸ். ‘கை, கால், வாய் நோய்’ என்று டாக்டர்கள் நெடுங்காலமாக அறிந்த நோய்தான். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே ஆறிவிடும். கொப்புளம் எந்த இடத்தில் வந்திருக்கிறது, எப்படிப் பரவுகிறது, வந்து எத்தனை நாளாகிறது என்ற மூன்றையும் கவனித்தாலே பாதி பயம் போய்விடும். மீதிப் பாதியை டாக்டரிடம் விட்டுவிடலாம், அதுவும் காலம் தாழ்த்தாமல்.

இடத்தைப் பாருங்கள்

உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள், புட்டம் என்று வந்தால் அது கை, கால், வாய் நோயாக இருக்கலாம். சின்னம்மை அப்படியில்லை. நெஞ்சு, முதுகு, முகம் என்று தொடங்கி, கைகால்களில் குறைவாகப் பரவும். அரிப்பு கடுமையாக இருக்கும். ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் நீர் கோத்த முத்து, இன்னொரு இடத்தில் காய்ந்த பொருக்கு என்று எல்லாம் கலந்து தெரிந்தால் பெரும்பாலும் சின்னம்மைதான்.

மணல்வாரி அம்மையில் நீர்க்கொப்புளம் இருக்காது. சளி, இருமல், சிவந்த கண், கடும் காய்ச்சலுக்குப் பின் காதோரத்திலும் முகத்திலும் சிவப்புத் தடிப்பு தொடங்கிக் கீழிறங்கும். இரவில் தூங்கவிடாத அரிப்பு, விரல் இடுக்கில் சிறு பருக்கள், வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்றால் சிரங்கைச் சந்தேகியுங்கள்.

மலையடிவார வயல்களிலும் தோப்புகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விடாத காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மார்பின் அடியிலோ, வலிக்காத, கருகிய பொருக்கு ஒன்று இருந்தால் அது அம்மை அல்ல. புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம். டாக்சிசைக்ளின் மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

வேப்பிலை இருக்கட்டும், டாக்டரும் வரட்டும்

அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியார் வராமல் தடுப்பதும், நோயாளியைத் தனியே படுக்க வைப்பதும் நல்ல வழக்கங்கள். சின்னம்மை, கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கி, எல்லா முத்தும் பொருக்காகும் வரை பரவும். தொற்றிய பத்து முதல் இருபத்தொரு நாளுக்குள் நோய் வெளியே தெரியும். அதனால்தான் அண்ணனுக்கு இறங்கியபின் தங்கைக்கு வருகிறது.

மாற்ற வேண்டியவையும் சில உண்டு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை குளிக்காமல் இருக்க வேண்டாம். வெதுவெதுப்பான சுத்தமான நீரில் மெதுவாகக் குளிப்பாட்டலாம். நகத்தை வெட்டிவிடுங்கள். அரிப்புக்குக் காலமைன் லோஷன் போதும். கஞ்சி, மோர், இளநீரோடு வழக்கமான சாப்பாடும் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோயை வரவழைக்கலாம். ஐபுபுரூஃபெனையும் தவிருங்கள்.

கர்ப்பிணிகள், பச்சிளங் குழந்தைகள், பெரியவர்கள், ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்குச் சின்னம்மை நுரையீரல் வரை போகலாம். இவர்கள் முதல் நாளே டாக்டரைப் பார்க்க வேண்டும். அசைக்ளோவிர் மருந்து, கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகப் பலன் தரும். யாராக இருந்தாலும் மூச்சுத்திணறல், ஓயாத வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

அக்கி: பெரியவர்களின் வேதனை

சின்னம்மை ஆறினாலும் அதன் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு வேர்களில் ஒளிந்திருந்து, முதுமையிலோ உடம்பு தளரும்போதோ விழித்துக்கொண்டு அக்கியாக வெளிப்படும். இதைத் தன் ஊர் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1965-இல் எழுதியவர் ஹோப் சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப டாக்டர்.

அக்கியில் முதலில் வருவது வலி. விலாவில், முதுகில், நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் எரியும். ஓரிரு நாளுக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வாய்வுப் பிடிப்பு, சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொள்பவர்கள் உண்டு. குற்றால அருவியில் நின்றால் சரியாகும் என்று நம்புபவர்களும் உண்டு. பிறகு அதே இடத்தில் பட்டையாகக் கொப்புளம் கிளம்பும். அது உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாது. இதுதான் அக்கியின் அடையாளம்.

மண்பாண்டம் செய்பவர்களிடம் போய், காவி குழைத்துச் சிங்க உருவம் வரைந்து ‘அக்கி எழுதி’க்கொள்வது நம் பக்கத்துப் பழைய வழக்கம். எரிகிற தோலுக்கு அந்தக் குளிர்ச்சி ஆறுதல் தரலாம். ஆனால் நரம்புக்குள் பெருகும் வைரஸைக் காவி தொடுவதில்லை. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கவும் கூடும். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்க வேண்டும். அந்த நேரத்தை வீணாக்கினால் புண் ஆறியபின்னும் சேலை உரசினால்கூடத் தாங்க முடியாத நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண் டாக்டரை அன்றே பாருங்கள். பார்வை போகும் ஆபத்து உண்டு.

அக்கி வந்தவரிடமிருந்து அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரலாம். ஆகவே புண்ணைத் துணியால் மூடி வையுங்கள். கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் தள்ளியிருக்கச் சொல்லுங்கள். சாரல் சீசனில் குற்றாலம் வருபவர்களுக்கும் இது பொருந்தும். கொப்புளத்தோடு அருவிக் கூட்டத்தில் இறங்காதீர்கள். துண்டைப் பங்கிடாதீர்கள்.

வருமுன் காக்க

சின்னம்மைத் தடுப்பூசியை 1970-களில் உருவாக்கியவர் ஜப்பானின் மிச்சியாகி தகஹாஷி. தன் சிறு மகன் சின்னம்மையில் பட்ட அவதிதான் அவரை அந்த ஆய்வில் இறக்கியது. இந்தியாவில் இத்தடுப்பூசி தேசிய இலவச அட்டவணையில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். குழந்தைகள் நல டாக்டர்கள் சங்கம் இரண்டு தவணை போடச் சொல்கிறது. ஐம்பது வயது கடந்தவர்களுக்கான அக்கித் தடுப்பூசி 2023-இல் இந்தியாவுக்கு வந்தது. அதன் விலை தினக்கூலிக் குடும்பங்களுக்கு எட்டாதது.

நம் தெய்வங்கள் முன் கைகூப்ப வைத்த பெரியம்மையை இந்தியா ஒழித்துவிட்டது என்று 1977-இல் உறுதி செய்யப்பட்டது. வீடு வீடாகத் தேடிச்சென்ற ஊழியர்களும் இலவசத் தடுப்பூசியுமே அதைச் சாதித்தன. அதே அக்கறை சின்னம்மைக்கும் அக்கிக்கும் கிடைக்க வேண்டும் என்று நாம் கேட்கலாம். அதுவரை நம் கையில் இருப்பது நேரம்தான். பாட்டியின் விலாவில் பட்டையாய்க் கொப்புளம் தெரிந்தால், நாளைக்கு என்று ஒத்திப்போடாமல், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.