மூன்று தீபாவளி ஓடினால் போதுமா?

புதுச்சேரி லாஸ்பேட்டையை ஒட்டிய கருவடிக்குப்பம் மயானத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, ஊர் ஊராக நாடகம் நடத்தி, 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானவர். புதுச்சேரி அரசு இந்தியன் பனோரமா திரைப்பட விழாவில் சிறந்த தமிழ்ப் படத்துக்கு வழங்கும் விருதுக்கும் அவர் பெயர்தான். சினிமா விருதுக்கு நாடக ஆசிரியர் பெயரா என்று சிலருக்குத் தோன்றலாம். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பேன். அவர் எழுதிய ‘வள்ளி திருமண’த்தில் என்ன மர்மம் இருக்கிறது? வள்ளி யாருக்கு மாலையிடுவாள் என்பது கைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் நூறாண்டு கழித்தும் தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் ஜனம் பாய் விரித்து விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறது. முடிவு தெரிந்தபின்னும் உட்கார வைக்கிறதே, அந்தச் சக்திதான் பழைய படங்களில் எது பெரும்படம் என்ற வாதத்துக்கும் உரைகல் என்று எனக்குப் படுகிறது.

‘அந்த நாள்’ படத்தை அந்தக் கல்லில் உரசிப் பார்க்கலாம். 1954 ஏப்ரலில் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் இயக்கி வெளியான படம். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டில் தமிழ்நாடு தலையில் வைத்துக் கொண்டாடிய சிவாஜி கணேசன், ராஜன் என்ற பாத்திரத்தில், செத்து விழுகிறார். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நேரத்தில் நடக்கும் கதை. விசாரணையில் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வேறொரு ராஜன் வெளிவருகிறான்: தம்பி சொல்லும் ஆள் வேறு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ஆள் வேறு. அன்றைக்கு வசூல் கைகொடுக்கவில்லை. துப்பறியும் கதை என்பதால், குற்றவாளி தெரிந்ததும் படத்தின் உயிர் போயிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. முடிவு தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள்: சி.ஐ.டி. கேள்வி கேட்கும்போது ராஜனின் மனைவியாக வரும் பண்டரிபாயின் முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. முதல்முறை அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டோம். இரண்டாம்முறை அதே முகத்தில் துக்கத்தோடு வேறொன்றும் தெரிகிறது. படம் மாறவில்லை, நாம்தான் கூடுதலாகப் பார்க்கிறோம். அப்படிப் பார்ப்பதற்கு இடம் வைத்துப் படமெடுத்திருக்கிறார் பாலசந்தர்.

ஜனங்கள் கொண்டாடியதுதானே பெரிய படம், நாலு பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல யார் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதைத் தள்ளிவிட்டு எந்தப் பட்டியலும் போட முடியாது. ஆனால் அந்த ஓட்டத்துக்குள் என்னென்ன சேர்ந்திருந்தன என்றும் பார்க்க வேண்டும். படம் வந்த சில வாரங்களில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் படத்தின் நாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர் கைதானார். 1947 வரை சிறையில் இருந்தார். அவர் குரலுக்கு ஏங்கியவர்கள் திரையில்தான் அவரைப் பார்க்க முடிந்தது. எத்தனை நாள் ஓடியது என்ற கணக்கு ஒரு காலத்தின் மனத்தைக் காட்டுகிறது, அது விலைமதிப்பற்ற சாட்சி. படத்தின் தரத்தை அது ஒன்றே நிரூபித்துவிடாது. அதற்காக, ஓடிய படமெல்லாம் மட்டம் என்று முகம் சுளிக்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி மகேந்திரன் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ (1979) ஜனங்கள் பார்த்து ஓடிய படம்தான். அதன் கடைசிக் காட்சியில் ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறக்குகிறது. கொடியவன் ஒழிந்தான் என்ற நிம்மதி நமக்குக் கிடைப்பதில்லை. கரையில் அவன் பிள்ளைகள் நிற்கின்றன.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. பெரும்படம் என்ற பேச்சே மேலைநாட்டிலிருந்து வந்தது, அந்த முழக்கோலால் அளந்தால் பாட்டும் வசனமும் உள்ள நம் படமெல்லாம் குட்டையாகத்தானே தெரியும் என்கிறார்கள். அந்தக் கோல் நமக்கு வேண்டாம். சுவாமிகளின் நாடகத்தில் பாட்டுதான் கதையைத் தூக்கிப் போகும். அந்த வழியில் வந்த கலை இது. ஆகவே பாட்டு இருக்கிறதா என்று கேட்காமல், பாட்டை எடுத்துவிட்டால் கதை நிற்குமா என்று கேட்போம். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் காயம்பட்டுத் தேறிவந்த நாதஸ்வரக்காரனிடம், சபை நடுவே ஆடியபடியே மோகனா சுகம் விசாரிக்கிறாள். நேரில் பேச வழியில்லை. தாயின் கண்காணிப்பு, ஊர்க்கண். அவள் பாடலில் கேட்கிறாள், அவன் வாசிப்பில் பதில் சொல்கிறான். மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்துக்கு சிவாஜியின் கன்னமும் விரலும் மூச்சும் ஈடுகொடுக்கின்றன. அந்தப் பாட்டை வெட்டினால் காதலே அறுந்துபோகும். கதையை ஓரமாக நிறுத்திவிட்டு மலைச்சரிவில் ஆடவைக்கும் பாட்டுக்கு இந்தப் பெருமை கிடையாது, எவ்வளவு இனிமையாக இருந்தாலும்.

மேலைநாட்டுக்காரர்களின் முடிவும் நிலையாக நின்றதில்லை. ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை சிறந்த படம் எது என்று விமர்சகர்களிடம் வாக்கெடுக்கிறது. முதலில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலிடம், பிறகு ஐம்பதாண்டு ‘சிட்டிசன் கேன்’, 2012இல் ‘வெர்டிகோ’, 2022இல் ஷான்டல் அகெர்மன் என்ற பெண் இயக்குநர் 1975இல் எடுத்த ‘ஜான் டீல்மன்’. இப்படி மாறிக்கொண்டே இருந்தால் தரம் என்று ஒன்று இல்லை என்றுதானே ஆகிறது எனலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மாறியதெல்லாம் யார் பார்த்தார்கள், எதைப் பார்க்க முடிந்தது என்பதால்தான். வாக்களிப்போர் வட்டம் விரிந்தது, பெட்டிக்குள் கிடந்த படங்கள் வெளியே வந்தன, மறுபார்வைக்கு வழி கிடைத்தது.

நம்மிடம் அந்த வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதை நல்ல படம் என்றோ மோசமான படம் என்றோ சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஜான் ஆபிரகாமின் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977) சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. ஆனாலும் சாதாரண ரசிகருக்குத் தியேட்டரில் பார்க்கக் கிடைக்கவில்லை. பாராமலே புகழ்வதும் பாராமலே ஒதுக்குவதும் இங்கே பழகிப்போயிற்று. புதுச்சேரி விழாவில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். சங்கரதாஸ் சுவாமிகள் விருது பெறும் புதுப் படத்தைத் திரையிடும் வாரத்திலேயே, பத்தாண்டுக்கு முன் அதே விருதைப் பெற்ற படத்தையும் மறுபடி திரையிடட்டும். லாஸ்பேட்டையில் கல்லூரிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் வந்து உட்காரட்டும். அந்தப் பழைய படம் விருது வாங்கியபோது பள்ளிக்கூடப் பையோடு திரிந்தவர்கள் அவர்கள். நடுவர்கள் அப்போது கண்டதை இவர்களும் காண்கிறார்களா என்று விளக்குப் போட்டதும் அங்கேயே கேட்டுவிடலாம்.