டகோட்டா: அயலார் தெரியாத தொடர்மாடி

எங்கள் உம்மாமாரின் சிங்கர் தையல் இயந்திரத்துக்கும் நியூயோர்க்கின் பழம்பெரும் ஆடம்பரத் தொடர்மாடி ஒன்றுக்கும் உறவுண்டு. சிங்கர் நிறுவனத்தின் பங்காளியான எட்வேர்ட் கிளார்க்கின் பணத்தில், 1880 முதல் 1884 வரை கட்டப்பட்டதே டகோட்டா.

அன்று அந்நகரில், ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்வது ஏழைகளின் நிலை. செல்வந்தருக்குத் தனிவீடே கௌரவம். அவர்களை அயலாரோடு குடியமர்த்துவது எப்படி? கட்டடக் கலைஞர் ஹென்றி ஹார்டன்பேர்க் அயலாரைக் கண்ணில் படாமலே செய்துவிட்டார். கட்டடத்தின் நடுவில் ஒரு முற்றம். வளைவு வாயில் வழியே குதிரை வண்டி அதற்குள் வரும். முற்றத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு வாசல்கள். ஒவ்வொன்றுக்கும் படிக்கட்டும் லிப்டும் தனி. எல்லோரும் நடமாடும் நீண்ட பொது நடைபாதை கிடையாது. வேலையாட்களுக்கு வேறு படி, வேறு லிப்ட். இந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கெட்டிக்காரத்தனமான திட்டம்தான்.

வெளியே மஞ்சள் நிறச் செங்கல், செங்குத்தான கூரைகள். உள்ளே தொடக்கத்தில் 65 வீடுகள். தடித்த சுவர்கள், கீழ்மாடிகளில் ஏறத்தாழ 14 அடி உயர அறைகள். கிளார்க் 1882இலேயே காலமானார். ஆனால் திறக்கும் முன்பே வீடுகள் யாவும் வாடகைக்குப் போயின! 1961இல் குடியிருந்தோரே கட்டடத்தைக் கூட்டாக வாங்கினர். 1969இல் அது நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது.

அங்கு வசித்த பாடகர் ஜோன் லெனன் 1980 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டது, குதிரை வண்டிகளுக்காகக் கட்டிய அந்த வளைவு வாயிலில்தான்.