ஆற்றை இழந்தவர்களின் வியாதி

ஒரு ஜனசமூகத்தாரிடையே ஒரு வியாதி மிகுந்து காணப்பட்டால், அது அவர்கள் இரத்தத்திலேயே உள்ளது என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்லுகிறவர்கள் வேறு எந்தக் கேள்விக்கும் விடை கூற வேண்டியதில்லை. அமெரிக்காவில் அரிஜோனா மாகாணத்திலுள்ள பீமா ஜனங்களின் சரித்திரத்தை அறிந்தவர்கள் இப்பேச்சை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

பீமா என்பது பிறர் இட்ட பெயர். தங்கள் பாஷையில் அவர்கள் தங்களை ‘ஆற்று மக்கள்’ என்று வழங்குகிறார்கள். கீலா நதியிலிருந்து வாய்க்கால் வெட்டி, பாலைவனத்தின் நடுவே மக்காச்சோளமும், பயறும், பூசணியும், பின்னாளில் கோதுமையும் விளைவித்த குடியானவர்கள் இவர்கள். கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிச் சென்ற வெள்ளையருக்குத் தானியம் கொடுத்தவர்களும் இவர்களே. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேற்பாகத்தில் குடியேறியவர்கள் நதி நீரைத் தங்கள் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டனர். கீழே வாய்க்கால்கள் வறண்டன, பஞ்சம் புகுந்தது. பிற்காலத்தில் சர்க்கார் வழங்கிய வெள்ளை மாவும், சர்க்கரையும், பன்றிக் கொழுப்பும் அவர்களுடைய ஆகாரமாயின. உழுது பழகிய தேகத்துக்கு உழைப்பும் குறைந்தது.

1965 முதல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் பல்லாண்டுகள் இவர்களைப் பரிசோதித்து வந்தனர். உலகில் அதுவரை வேறெங்கும் காணாத அளவு நீரிழிவு இவர்களிடம் இருப்பது வெளியாயிற்று. பஞ்சத்தில் உயிரைக் காத்த தேக இயல்பே, ஆகாரம் மிகுந்த காலத்தில் நீரிழிவை உண்டாக்குகிறது என்று ஜேம்ஸ் நீல் என்ற விஞ்ஞானி 1962-இல் வெளியிட்ட கொள்கையைப் பலர் இவர்களுக்குப் பொருத்திக் காட்டினர்.

ஆனால் பீமா ஜனங்களில் மற்றொரு பகுதியார் மெக்சிகோ தேசத்து மலைநாட்டில், மாய்கோபா என்னும் ஊர்ப்பக்கம் இன்றும் வசிக்கிறார்கள். பயறும் மக்காச்சோளமும் உண்டு, நிலத்தில் பாடுபட்டு வந்த அவர்களை 1990-ஆம் ஆண்டுகளில் விஞ்ஞானிகள் பரிசோதித்தார்கள். 1994-இல் வெளியான கணக்கின்படி அவர்களுடைய சராசரி எடை 64 கிலோ. அரிஜோனாவிலுள்ள உறவினரின் எடை 90 கிலோ. 2006-இல் வெளியான கணக்கின்படி நீரிழிவு கண்டவர்கள் மெக்சிகோவில் 100-க்கு 7 பேர்; அரிஜோனாவில் 38 பேர். பரம்பரைக்கு இதில் பங்கே இல்லை என்று நாம் கூறவில்லை. ஆயினும், ஒரே குலத்தில் உதித்த இரு பகுதியாரிடையே இத்தனை பேதத்துக்கு இரத்தம் எப்படிக் காரணமாகும்? ஆகாரமும் உழைப்புமே மாறின. அவற்றை மாற்றியது நீர் இழப்பு.

2004-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் கீலா நதிச் சமூகத்தாருக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி நீர் உரிமையாயிற்று. நியாயம் கிடைத்தது, ஆனால் நூறாண்டு கடந்து கிடைத்தது. இடைக்காலத்தில் கண்ணும் காலும் சிறுநீரகமும் இழந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?

சிறுபான்மையோரின் வியாதியை ஆராயப் புகும் எந்தச் சர்க்காரும், அவர்கள் இரத்தத்தைச் சோதிக்குமுன், அவர்களுடைய நிலமும் நீரும் யார் கையில் சென்றன என்பதை விசாரிக்க வேண்டும். மருந்து அவசியமே. ஆனால் விளைநிலத்தை வறளவிட்டு மருந்து மட்டும் வழங்குவது தர்மமாகாது.