முன்கண்ணாடியைக் கழற்றக் கொடுக்கும் முன்

முன்னால் போகும் லாரியின் டயரிலிருந்து தெறித்த சிறு கல்லே காரின் முன்கண்ணாடியில் விரிசல் விடப் போதும். "ஒரு மணி நேரத்துல மாத்திக் கொடுத்துடுறோம் சார்" என்பார் கடைக்காரர். அந்த அவசரத்துக்கு உடன்படாதீர்கள். கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் முன்கண்ணாடிக்கும் பங்கு உண்டு. பல கார்களில் முன் இருக்கைப் பயணிக்கான ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில் மோதியே அவர் பக்கம் திரும்புகிறது. ஒட்டு சரியாகப் பிடிக்காவிட்டால் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போகும், ஏர்பேக்கும் பயன்படாது.

கழற்றும்போது என்ன ஆபத்து?

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளும் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்த லேமினேட்டட் கண்ணாடி. உடைந்தாலும் சிதறாது, ஆனால் சில்லுகள் கையையும் கண்ணையும் பதம் பார்க்கும். பாலியூரித்தேன் பசையைக் கம்பியாலோ அதற்கான கத்தியாலோ அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கடப்பாரையால் நெம்பக் கூடாது. சட்டத்தில் பெயிண்ட் உரிந்த இடத்துக்கு பிரைமர் பூசாவிட்டால் துரு ஏறும், மழைநீர் கசியும், ஒட்டும் விட்டுப்போகும். வீட்டு வாசலில் நீங்களே முயல வேண்டாம்.

பசை இறுகும் நேரம் அதன் வகையையும் வெப்பம், ஈரப்பதத்தையும் பொறுத்தது. சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாள். "எப்போது ஓட்டலாம்?" என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதி வாங்குங்கள். முதல் நாள் வாட்டர் வாஷ் வேண்டாம். கதவை அறைந்து சாத்தவும் வேண்டாம்.

உங்கள் உரிமைகள்

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதிப்படி, முன்கண்ணாடி லேமினேட்டட் வகையாகவும் குறைந்தது 70 சதவீத ஒளியைக் கடத்துவதாகவும் இருக்க வேண்டும். புதுக் கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள காரென்றால், அதை மீண்டும் அளவீடு செய்யச் சொல்லுங்கள். பழைய ஃபாஸ்டேக்கை உரித்து ஒட்ட முடியாது. வங்கியிடம் மாற்று டேக் கேளுங்கள்.

முழுக் காப்பீடு இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் இழப்பீடு வராது. கழற்றும் முன் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். கிளெய்ம் வாங்கினால் நோ கிளெய்ம் போனஸ் போகக்கூடும். செலவு குறைவென்றால் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

வேலை சரியில்லை என்றால்?

நீர் கசிந்தாலோ, ஓட்டும்போது காற்றுச் சத்தம் கேட்டாலோ, முதலில் கடைக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சரிசெய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும், நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுத்தால் அதன் குறைதீர் அதிகாரியிடமும், பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் பில்தான். பில் தராத கடையில் முன்கண்ணாடியைக் கழற்றக் கொடுக்காதீர்கள்.